கதகதப்பான மூலை

மல்ஜா என்றால் கொரிய மொழியில் கடைசிப் பெண் என்று அர்த்தம். இதோடு போதும் சாமி என்று பெற்றவர்களே வைத்த பெயர். இஞ்சோன் மீன் சந்தையில் செதில் சீவியே மகன் கிபொமை இன்ஜினியர் ஆக்கினாள். படித்து முடித்த பிள்ளை வேலை தேடிச் சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தான். அந்தப் பெட்டியை அவள் தெய்வமாகவே நினைத்தாள். குளிருக்குத் தரையைச் சூடாக்க, பாய்லரிலிருந்து தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் முதலில் வந்து சேரும் மூலை, விருந்தாளிக்கு விடுகிற மூலை. அதையே அதற்கு ஒழித்துக் கொடுத்தாள்.

கோடையில் ஓடிய பெட்டி, குளிர் வந்ததும் பொட்டுப் பொட்டென்று அணைந்தது. கிபொம் மெமரியை மாற்றினான், விண்டோஸை அழித்துப் போட்டான், கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் மேசையில் வைத்து நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார்.

“குதிரையாட்டம் ஓடுது தம்பி. வீட்ல பேய் கீய் இருக்கா பாருங்க.”

கிபொமுக்குப் பேய் கிடைத்துவிட்டது: அம்மா.

“நீ குக்கரைப் போட்டாலே கரண்ட் இறங்குது. இன்டர்வியூ முடியறவரைக்கும் பெரியம்மா வீட்ல போய் இரு.”

“சோத்துக்கு என்னடா பண்ணுவே?”

“வேலை வேணுமா, சோறு வேணுமா?”

அவள் போனாள். பாய்லரைப் போட ஆளில்லை. பிள்ளைத் துரை குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. உடனே போன் போட்டான்.

“நீ போனே, சரியாப்போச்சு. பீடை நீதான்.”

“நல்லதுடா கண்ணு” என்றாள் மல்ஜா. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

இன்டர்வியூ அன்று மனசு கேட்கவில்லை. கிம்ச்சி ஊறுகாய் டப்பாவோடு பூனைபோல் வீட்டுக்குள் நுழைந்தாள். கதவுக்குப் பின்னால் திரையில் இருக்கும் அதிகாரிகளிடம் மகன் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தான். காலடியில் தரை பனிக்கட்டி. பிள்ளை விறைத்துவிடுவானே என்று பாய்லரை முழுசாகத் திருகிவிட்டு, சமையலறையில் கைகூப்பி உட்கார்ந்தாள்.

தரை சுட்டது. உள்ளே பேச்சு பாதியில் நின்றது.

கிபொம் பெட்டியைப் புரட்டினான். அடியில், தரைக்காற்றை இழுக்கும் மின்விசிறிப் பக்கம் கையை வைத்தவன் சுட்டுக்கொண்டு உதறினான். திரையில் வெப்ப எண்களைப் பார்த்தே காலம் தள்ளிய மேதாவி, ஒரு நாளாவது தரையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

“என்னடா ஆச்சு?” அறை வாசலில் மல்ஜா.

தரைச்சூடுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

“வந்துட்டியா? அதான் நின்னுபோச்சு.”

பிறகு வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. புது வீட்டில் கம்ப்யூட்டர் மேசைமேல் இருக்கிறது, அணைவதே இல்லை. பண்டிகைக்குப் போனால் மல்ஜா செருப்பு விடுகிற இடத்தோடு நின்றுகொள்வாள்.

“உள்ள வாங்கத்தை, குளிருது” என்பாள் மருமகள்.

“பெட்டியை அணைச்சாச்சாம்மா?”

கிபொம் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவான்.