வாய்க்கால் கரையில் பிரேக் பிடித்தவன்

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமான புதிது. ஈஸ்டருக்கு மறுநாள், என் மனைவியின் ஊரான வத்தலக்குண்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாடகை சைக்கிளில், குகை போலக் கட்டி மாதா சுரூபம் வைத்திருக்கும் கெபிக்குக் கிளம்பினோம். வாய்க்கால் கரையோடு, வயல்களுக்கு நடுவே மேடுபள்ளம் இல்லாத பாதை. நான் கொடைக்கானல்காரன். எங்களுக்குச் சைக்கிள் என்றால் ஏற்றத்தில் தள்ளுவது, இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது. பழக்கதோஷத்தில் சமதரையிலும் என் விரல்கள் பிரேக்கை விடவில்லை.

"ஏங்க, நீங்க டபுள்ஸ் வச்சா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று என் மனைவி அவளுடைய அத்தை மகனின் கேரியரில் ஏறிக்கொண்டாள். முன்பு அவளைப் பெண் கேட்டவர் அவர்.

"என்னண்ணே, இங்க எறக்கம் எங்க கெடக்கு? பிரேக்க விட்டுட்டு வெரசா மிதிங்க!" என்று அவர் இரண்டு கைகளையும் விட்டு ஓட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கெபியில் மற்றவர்கள் ஜெபமாலை சொன்னார்கள். 'திரும்பும்போது அவள் என் வண்டியில் வரவேண்டும், தாயே' என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

ஜெபம் முடிந்ததும் அவள் தானாகவே வந்து என் கேரியரில் உட்கார்ந்தாள். "அவுக கையை விட்டு ஓட்டுறாக. வாய்க்கால்ல விழுந்துருவமோன்னு பயமாப் போச்சுங்க" என்றாள்.

பிரேக்கை விட்டு சந்தோஷமாக மிதித்தேன். மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அத்தை மகன் பக்கத்தில் வந்துவிட்டார். அவள் என் பின்னால் உட்கார்ந்தபடி அவரோடு பேச ஆரம்பித்தாள். அவரை முன்னால் விட்டுவிடலாம் என்று பிரேக்கைப் பிடித்தேன். அவரும் பிடித்தார்.