கூறை இல்லாமல் தாலி ஏறாது

கலியாணச் சேலை எடுப்பது சந்தோஷமான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விலை கூடினால்தான் சேலை, பொம்பிளை தானே பார்த்து எடுக்க வேண்டும், செவ்வாயில் எடுத்தால் கூடாது, கறுப்பு நூல் ஒன்று ஓடினாலும் கூடாது. எத்தனை கதை. போன மாதம் அடுத்த வீட்டிலிருந்து ஒரு சேலைக்கு ஒரு வான் நிறையச் சனம் போய் வந்தது. போகட்டும், காலம் நல்லாயிருக்கிறது. ஆனால் சேலை சரியாக அமைந்தால் எல்லாம் சரியாக அமையும் என்று மட்டும் எனக்கு முன்னால் சொல்ல வேண்டாம். நான் எடுத்த கூறைச்சேலை சரியாகத்தான் அமைந்தது.

அது சண்டைக் காலம். என் தம்பிக்குப் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, பெண் பேசியிருந்தது. எங்கள் வீடு இக்கரையில், குருக்கள்மடத்தில். இக்கரை ஆமியின் கையில், அக்கரை பெடியன்களின், அதாவது இயக்கத்தின், கையில். அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று சண்டைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்த பிள்ளையே அவள் ஒருத்திதான். தாலி ஏறிய பெண்ணைத் தொடமாட்டார்கள் என்று சனம் நம்பியது. சிலரை விட்டார்கள், சிலரை விடவில்லை. என்றாலும் பிடித்துக்கொள்ள வேறு கொப்பு இல்லை. ஆவணியில் வைக்க இருந்த கலியாணத்தை உடனே வைப்பதென்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். பெண் கடைக்கு வருவதில்லை, சேலைச் சட்டை தைக்க அவளுடைய அளவுச் சட்டை ஒன்றுதான் வரும். நான் மூத்தவள், வேலை என் தலையில் விழுந்தது. காத்தான்குடிக் கடை முதலாளி மூன்று கூறைகளை எடுத்துப் போட்டார்.

"கொழும்பு றோட்டுப் பூட்டு, மகள். இதுக்குள்ளதான் பார்க்கோணும்," என்றார்.

அந்த நாளில் சேலை எடுப்பதென்றால் இருப்பதை எடுப்பது. இருந்தாலும் ஒன்று, அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்டது, விரித்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பக்கத்திலேயே தையல்காரரிடம் சட்டைத் துணியைக் கொடுத்தேன். காலையில் வரச் சொன்னார்.

தம்பியும் அம்மாவும் தாலியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அக்கரைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் நான் சட்டையோடு கூறையைக் கொண்டு வருவதென்று பேச்சு. வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அன்று பின்னேரம் எங்கேயோ வெடித்தது, ஆமி பாதையை நிறுத்திவிட்டது.

மறுநாள் பையோடு துறைக்குப் போனேன். காவலில் நின்ற சிப்பாயிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தம்பியின் கலியாணம் என்று சொன்னேன். பையைத் திறந்து பார்த்தான், சேலையில் கை வைக்கவில்லை. "ஹெட்ட," என்றான். நாளைக்கு. அதற்கடுத்த நாளும் போனேன், அதே ஹெட்ட. அவனோடு கோபிக்கவும் ஏலவில்லை, அவனுக்கு மேலே இருக்கிறவன் சொல்ல வேண்டும். அக்கரைத் தென்னைகள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன. தோணிக்காரர் ஒருவரைக் கெஞ்சிப் பார்த்தேன்.

"இரவில போனாச் சுடுவான், புள்ள," என்றார். "பகலில போனாலும் சுடுவான்."

தாலி அவர்களிடம் இருக்கிறது, ஐயரும் அந்த ஊரிலேயே இருக்கிறார், இதற்குள் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் அம்மாவை எனக்குத் தெரியாதா? கூறை வராமல் தாலியைத் தொட விடமாட்டார். அந்தக் கிழமை முழுக்க அந்தப் பையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு நாய் படாது.

ஒரு காலையில் பாதை ஓடியது. அக்கரைத் துறையில் தம்பி நின்றான். என் கையிலிருந்த பையைப் பார்த்தான், வாங்கவில்லை.

"நேத்துப் பின்னேரம் அவளக் கொண்டு போயிற்றாங்க, அக்கா," என்றான்.

நடந்துகொண்டே மிச்சத்தைச் சொன்னான். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு சேலையை உடுத்தித் தாலியைக் கட்டுவோம் என்று அவன் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறான். பெண்ணின் தாய் விடவில்லை. "கூறை இல்லாமத் தாலி ஏறாது, மகன். ஓடிப்போனவளெண்டுதான் சனம் கதைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அம்மா அதற்கும் மேலே. "வெறுங்கையோட பொம்பிளை எடுக்க வந்தவங்க எண்டு எங்களுக்குப் பேர் வேணாம். மூத்தவள் நாளைக்கு வந்திருவாள்." இரண்டு பேரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஊரே அதைத்தான் சொல்லியிருக்கும்.

பிடிக்க வந்த பெடியன்களிடம், இது நான் கட்டப்போற புள்ள என்று தம்பி தாலியை எடுத்துக் காட்டியிருக்கிறான். அதில் ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்தானாம்.

"கழுத்தில ஒண்டையும் காணல்லியே," என்றானாம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டபடி இருந்தது. அம்மா சுவரோடு சாய்ந்திருந்தார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெண்ணின் தாய்தான் எழுந்து வந்து பையை வாங்கினார். கூறையை எடுத்து விரித்து, கரையைத் தடவிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. சந்தைக்குப் போய் வந்த பிள்ளையிடம் கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"இத நேத்துக் கொண்டுவர ஏலாமப் போச்சா, புள்ள?"