கற்பூரம் அணைக்காத கை

அப்பாவின் இந்த நினைவு மலரை வாங்கிய உறவினர்கள் சிலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். மேலே பிள்ளையார் சுழி இல்லை. உள்ளே 'இறைவனடி சேர்ந்தார்' என்ற வரியும் இல்லை. அச்சகத்தார் மறக்கவில்லை, மகளாகிய நான்தான் வேண்டாமென்றேன். அப்பா இறந்துபோனார். அவரைக் கேட்டிருந்தால் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பார்.

அப்பா பரமத்தி வேலூரை அடுத்த காவிரிக் கரையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வெற்றிலைக் கொடிக்காலில் இறங்கினார். அந்த வெற்றிலையை வைத்துத்தான் தங்கைகளைக் கட்டிக் கொடுத்தார், என்னையும் என் தம்பியையும் படிக்க வைத்தார். சாமி இல்லை என்பது அவர் முடிவு. அதை யார் மேலும் திணிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவை வண்டியில் கோயிலுக்கு அழைத்துப் போய், கும்பிட்டு வரும்வரை வெளியே நின்று எல்லார் செருப்புக்கும் காவல் இருப்பார். அதற்காக ஊர் செய்த கேலியில் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"சாமி பயம் இல்லாதவனுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?" என்று கேட்டவர்கள் நம் சொந்தத்திலேயே நிறைய உண்டு. துக்கத்துக்கு வந்த இடத்திலும் ஒருவர் கேட்டார். அவர்களுக்காகத்தான் ஒரு கோடையைப் பற்றி எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, முறை வைத்துப் பாய்ச்சிய காலம் அது. எங்கள் கொடிக்காலை அடுத்தது அம்மாவின் அண்ணனான மாமாவுடையது. மாமாவின் முறையில் யாரோ மடையைத் திருப்பித் தண்ணீரை வேறு பக்கம் விட்டுவிட்டார்கள். மாமா அப்பாவைச் சந்தேகப்பட்டார். பெரியவர்கள் கோயிலில் கூடி, ஊர் வழக்கப்படி, எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பொய்ச் சத்தியம் செய்த குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. அணைத்துவிட்டால் பிராது அதோடு முடிந்துவிடும்.

"நான் மடையத் தொடலீங்க. ஆனாக் கற்பூரம் அணைக்க மாட்டனுங்க" என்றார் அப்பா.

அம்மா அழுதார்கள். "சாமியே இல்லைங்கறீங்க. அணைச்சா உங்களுக்கு என்னங்க?"

"அதுக்குத்தான் மாட்டேங்கறேன். சாமிக்குப் பயந்துட்டு நெசம் சொல்றான்னு இவங்க நம்புவாங்க. எனக்கு அந்தப் பயமே இல்லையே. அப்பறம் அது ஏமாத்தறதுதான?"

பயமில்லாதவன் பொய் சொல்வான் என்கிறீர்களே, அப்பா உண்மையை நிரூபிப்பதற்குக்கூடப் போலியாக ஒரு சத்தியம் செய்யவில்லை. அதற்குத் தண்டனையாக அந்தக் கோடை முழுக்க எங்கள் தண்ணீர் முறையை நிறுத்தினார்கள். கொடிகள் கருகின. காய்ந்த கொடிகளை அப்பாவே அறுத்துப் போட்டார். மடையைத் திருப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது.

மறு கோடையில் மாமா நெஞ்சுவலியோடு சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் கொடிக்காலுக்கு முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்சியவர் அப்பா. "உங்களை யாருங்க பாய்ச்சச் சொன்னது?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்கள். "கொடி காஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. சொர்க்கத்தில் இடம் பிடிக்கவா இதைச் செய்தார்?

"அவருக்குத் தெரியாமயே சாமி அவர் மனசுல இருந்துச்சு" என்று இப்போது சமாதானம் சொல்கிறீர்கள். வேண்டாம். மண்வெட்டி பிடித்தது அப்பாவின் கை. அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க நாங்கள் தயாரில்லை.

கடைசி மாதங்களில் அப்பா சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில் இருந்தார். அம்மா நெற்றியில் திருநீறு பூசினால் தடுக்கமாட்டார். வலி தாங்காத நாட்களிலும் அவர் கூப்பிட்டது அம்மாவைத்தான். எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறது.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள்கொடுத்துத் தூக்கிய எல்லோருக்கும் நன்றி. மாமாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகுமுன் இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"'இறைவனடி'ன்னு ஒரு வரி போட்டா என்ன கண்ணு?"

"அப்பாவுக்குப் பிடிக்காதுங்க மாமா."

மாமா அந்தக் கோடையைப் பற்றிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, "அன்னைக்கு மடையத் தொடலைன்னு மாப்பள உங்கிட்டச் சொல்லியிருக்காரா?" என்றார்.

"கடைசிவரைக்கும் அதையேதானுங்க சொன்னாரு."

"அப்பத் தொடலை. நான் சொன்னேன்னு அதையும் எழுதிப் போடு சாமி."

எழுதிவிட்டேன். மாமா என்னிடம் கற்பூரம் கேட்கவில்லை.