மாப்பிள்ளைக் காரின் சில்லுமூடிகள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், ஒருவரிடமும் கையேந்தவில்லை. பள்ளிக்கூடம் என்று போனது கொஞ்சக் காலந்தான், அதனால் நான் சொல்லச் சொல்ல மகனின் மகள் ஆரணி இதைக் கொம்பியூட்டரில் தட்டுகிறாள்.

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் மகனுடைய கராச்சுக்குள் காலை வைத்தாலே மினுக்கு எண்ணெயின் மணம் மூக்கில் ஏறும். அங்கே அவன் ஒரு கிழட்டுக் காரை வாங்கி, வெட்டி ஒட்டி, கூரையைப் பதித்து, வேறு எஞ்சின் பூட்டி வைத்திருக்கிறான். அதற்கு "ஹொட் ரொட்" என்று பெயராம். போன கிழமை என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, நிலத்தில் கார்ச் சக்கரங்களுக்குப் போடும் சில்லுமூடிகளைப் பரப்பினான். சில்லு முழுவதையும் மறைக்கும் பெரிய தட்டு ஒரு வகை. நடுவை மட்டும் மறைத்துச் சில்லின் சிவப்பை வெளியே விடும் சின்னக் கிண்ணம் இன்னொரு வகை. எது வடிவு என்று கேட்டான். எனக்கு முழங்கால் உளைந்துகொண்டிருந்தது. இதே கேள்வியால் ஒரு வீடு ஒரு மாதமாய் நித்திரை கொள்ளாமல் கிடந்ததை அவனுக்கு எங்கேயிருந்து தொடங்கிச் சொல்வது?

என் அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். கறுப்பு "ஏ ஃபோர்ட்டி". அதன் சில்லுகளில் சின்னக் கிண்ணந்தான் இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அவற்றைத் துடைப்பது என் வேலை. ஊரில் எத்தனையோ பேரின் மாப்பிள்ளைகளை ஏற்றி இறக்கியவருக்கு, அக்காவுக்கு அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பொடியன் பொருந்தி வந்தபோது இருந்தது ஒரே ஒரு ஆசை: அந்த மாப்பிள்ளையைத் தானே ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருநாள் வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, காரைச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளைக் கார் என்றால் சில்லை முழுதாய் மூடும் "ஃபுல் கப்" போட்ட கார்தான் சபைக்கு அழகு, தாங்களே ஒன்றைப் பிடிக்கிறோம், உங்கள் கார் பெண்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "இஞ்சாருங்கோ, அவையளுக்கு வீல் கப்பிலை ஒண்டுமில்லை. பொம்பிளையின்ரை தேப்பன் டிரைவரா முன்னுக்கு இருக்கிறது நாலு பேருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்" என்றா. அப்பா கேட்காதவர் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு மூடி தேடப் புறப்பட்டார். பழைய இரும்புக் கடைகள், கராச்சுகள், செத்துக் கிடந்த கார்களின் சொந்தக்காரர் வீடுகள் என்று ஓட்டம் முடிந்த பின்னேரமெல்லாம் அலைந்தார். வந்து முற்றத்தில் இருந்தால் எழும்ப மாட்டார். அவரைப் பார்த்துப் பார்த்து நாங்களும் களைத்தோம். கடைசியில் இரண்டு சோடி கிடைத்தது, ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. ஒரு சோடி பூவிதழ் போல வரிவரியாய், மற்றது கண்ணாடி போல வழுவழுவென்று. அப்பா அவற்றை நிலத்தில் வைத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "அப்பா, றோட்டிலை நிக்கிற சனம் ஒரு பக்கத்தைத்தானே பாக்கும். அந்தப் பக்கம் ஒரு சோடி, இந்தப் பக்கம் ஒரு சோடி பூட்டுங்கோ."

அந்த மாதத்தில் அப்பா சிரித்தது அன்றைக்குத்தான். முழு மூடி போட்டாயிற்று, இனி வேறு கார் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர்களுக்கும் மறுக்க வழியில்லாமல் போனது.

கலியாணத்தன்று மாப்பிள்ளையை அழைக்கப் பூத்தட்டுகளோடு போன பெண்களுக்கு நடுவில் நானும் ஒடுங்கிக்கொண்டு போனேன். தாய்மாமன் வாசலில் நின்று பார்த்தார்; மினுங்கிய மூடிகளைக் கண்டு தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மனுசன் காரின் முன்பக்கத்தால் சுற்றி மற்றப் பக்கம் போனார்.

"உதென்ன, இஞ்சாலை வேறயாக் கிடக்கு?"

"ரெண்டு காரை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார் போல" என்று யாரோ சொல்ல, நின்ற சனம் சிரித்தது. அப்பா குரலை உயர்த்தவில்லை.

"ஓம் அண்ணை, நாலும் ஒரே மாதிரிக் கிடைக்கேல்லை. என்ரை மகளின்ரை மாப்பிளையை நான்தான் ஏத்திக்கொண்டு போவன். வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ."

மாப்பிள்ளை வெளியே வந்து நின்றதை அப்போதுதான் கண்டோம். தோழன் பின்கதவைத் திறந்து பிடித்தான். மாப்பிள்ளை அதைக் கடந்து போய், முன்கதவைத் தானே திறந்து, தலைப்பாகை தட்டாமல் குனிந்து, டிரைவர் சீற்றுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நான் மாமாவோடை முன்னுக்கு இருக்கிறன். நேரம் போகுது, ஏறுங்கோ."

தாய்மாமன் பின்னால் தட்டுகளுக்கும் என் முழங்காலுக்கும் இடையில் நெருக்குப்பட்டுக்கொண்டு வந்தார். அப்பா ஹோர்ன் அடித்து, சனத்தை விலக்கி, ஊர் பார்க்க நிமிர்ந்து இருந்து கார் ஓடினார்.

அத்தான் ஏன் முன்னால் ஏறினார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கண் மங்கியதும் அப்பா காரை விற்றார். சண்டைக் காலத்தில் நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அந்த வீடும் இல்லை, கார் நின்ற முற்றமும் இல்லை. அத்தானும் போய், போன மாரியில் ஸ்காபரோவில் அக்காவும் போய்விட்டா. அந்தக் காருக்குள் இருந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான். நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான், அலுப்பாய் இருக்கிறது.

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, அப்பாவின் காரில் முதலில் இருந்த மாதிரிச் சின்னக் கிண்ணங்களை எடுத்துப் பூட்டினான். வடிவாய்த்தான் இருந்தது.

ஆரணி, நான் சொன்னது எல்லாம் அதுக்குள்ளை வந்திட்டுதோ? எங்கை, என்ரை அப்பா கதைச்ச இடத்தை ஒருக்கா வாசி, பிள்ளை. மெல்ல வாசி. அவர் கத்திக் கதைக்கேல்லை.