அக்காவின் தோளில் இருக்கும் கை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். நீங்களும் பக்கத்து வீட்டில் வாங்கிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சிங்காநல்லூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கே ஒரு மரியாதைச் சொல் விட்டுப்போகுமோ, அதைப் பிடித்துக்கொண்டு யார் சண்டைக்கு வருவார்களோ என்று நான்கு தடவை எழுதி எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவை, வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கொடுமுடியில் பிறந்தார். அப்பாவுக்கு மில் வேலை கிடைத்ததும் சிங்காநல்லூர் வந்தோம். அக்கா கல்லூரியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு அம்மாவுக்கும் எனக்கும் எல்லாமே அக்காதான். பட்டம் வாங்கிய கையோடு, கோயமுத்தூரில் பத்திரிகைக்குப் படம் எடுக்கவும் இதழ் தயாரிக்கவும் சொல்லிக்கொடுக்கும் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தார்.

அதைக் கேள்விப்பட்டு எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரை நாங்கள் பெரியண்ணன் என்போம். குலதெய்வக் கோயில் கமிட்டிக்கு இன்றைக்கும் அவர்தான் தலைவர்.

"ஏனுங் அம்மணி, டீச்சருக்குப் படிச்சா ஆகாதா? கல்யாணத்துக்குப் போட்டோப் புடிக்கறவனுக்கே பொண்ணு குடுக்க யோசிக்கறாங்க. நீயே போட்டோப் புடிச்சா உன்னைய ஆரு கட்டுவா?"

"கட்டறவிய வரிசைல வந்து நின்னா சொல்லி உடுங்கண்ணா. ஒரு படம் எடுத்துப்போடறேன்."

பெரியண்ணன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். நான் அவரைச் சமாதானப்படுத்தத் தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன்.

அந்தப் படிப்பில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் தெரு. எடுத்து வரும் படத்தில் எத்தனை முகம் தெரிகிறதோ அத்தனை பேரின் பெயரும், இடமிருந்து வலமாக, நோட்டில் இருக்க வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் படம் குப்பைக்கூடைக்குப் போகும். உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரிக்கிறவர்களைப் படம் எடுக்கப் போன அக்கா, ஒரே ஒருவரின் பெயரைக் கேட்க மறந்து, மறுநாள் அதற்காகவே திரும்பப் பஸ் ஏறிப் போனார். "ஒரு பேருக்கு இத்தனை தூரமாக்கா?" என்றேன். "அவரு மூஞ்சிய மட்டும் நான் வாங்கிட்டு வந்துபோட்டனே தம்பி, அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

அக்கா சில ஆண்டுகள் ஒரு வார இதழில் வேலை செய்தார். பிறகு, படித்த அந்த நிலையத்திலேயே பயிற்சி கொடுக்கப் போனார். அப்போதுதான் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. போட்டோப் பிடிக்கிறவள் என்று ஏசிய அதே வாயால் பெரியண்ணன், "நம்மூட்டுப் புள்ளதான் கும்பாபிஷேக மலர் போடோணும்" என்றார். அக்காவும் மறுக்கவில்லை. திருப்பணி தொடங்கிய அன்று கமிட்டிக்காரர்களும் பங்காளி வீட்டாருமாகப் பன்னிரண்டு பேரைக் கோயில் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அதில் எங்கள் சித்தப்பாவின் மகளும் இருந்தார். அவரை நான் சின்னக்கா என்பேன். பெரியண்ணனின் சின்ன மகளுக்கு அன்றாடம் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். படத்திலும் அந்தக் குழந்தையின் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

மலர் அச்சுக்குப் போகும் முன்பு சின்னக்கா, தாம் விரும்பியவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை நம் சாதி இல்லை. இதைப் படிக்கும் பலரும் அந்த வாரமே சின்னக்காவோடு பேச்சை நிறுத்தியவர்கள்தான்.

"படத்துல இருந்து அந்தப் புள்ளைய எடுத்துப்போடு" என்றார் பெரியண்ணன்.

"அன்னைக்கு அங்க நின்னாங்கண்ணா. நின்னவங்கள நிக்கலைன்னு நான் எப்புடிங்க போடறது? வேணும்னா படத்தையே போடாம உட்டரலாம்."

"கமிட்டிப் படம் இல்லாம மலரா? நீ ஒண்ணும் போட வேண்டாம். வேற ஆளப் பாத்துக்கறோம்."

மலர் அக்காவின் கையை விட்டுப் போனது. ஆனால் படம் அக்காவின் அலமாரியில்தான் இருந்தது. எப்படியோ அது கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சகத்துக்காரர் எடுத்துக் கொடுத்தார், மாணவர் யாரோ கொடுத்தார் என்று ஆளாளுக்குப் பேசினீர்கள். கொடுத்தவன் நான். கோயிலை விட்டுத் தள்ளி வைத்தால் நாளைக்கு என் மகள் கல்யாணத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். அக்கா வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் அலமாரியைத் திறந்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். அந்தச் சாவி இருக்கும் இடம் வீட்டில் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

மலர் வந்தது. சின்னக்கா இருந்த இடத்தில் கோயில் சுவர்ப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் கையை விட்டுவிட்டார்கள். பெரியண்ணன் மகளின் தோளில், நான்கு வளையல் போட்ட ஒரு கை மட்டும் தனியாக இருந்தது. ஆயிரம் வீட்டுக்கு அந்த மலர் போயிற்று. ஒருவர்கூட அதைக் கவனித்ததாகச் சொல்லவில்லை.

அக்கா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மலரை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தார். திட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

போன ஆண்டு சிறுநீரகம் கெட்டு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பங்காளிகள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனீர்கள். அதற்கு நன்றி. மூன்று மாதம் கூடவே இருந்து துணி மாற்றிவிட்டு, கஞ்சி ஊட்டியவர் சின்னக்கா. நீங்கள் வரும் நேரம் தெரிந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வார். உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதாம்.

அங்கே அக்காவைப் பார்க்க வந்த மாணவி ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு வருசமும் மொத நாள் வகுப்புல மேடம் ஒரு கோயில் மலரக் காட்டுவாங்க சார். எத்தனை பேரு இருக்காங்கன்னு கேப்பாங்க. பதினொண்ணும்போம். இப்பக் கையை எண்ணுங்கம்பாங்க. நீங்க எடுத்த படத்தை மலர் போட்டவங்களுக்கு ஆரு குடுத்தாங்கன்னு ஒருக்கா கேட்டோம். 'அவனுக்குப் பயம் சாஸ்தி'ன்னு சொல்லிப்போட்டு மலர மூடி வெச்சுட்டாங்க."

நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அக்கா போய்ச் சேர்ந்தார். இந்த மலர் வேலை தொடங்கியதும் பெரியண்ணன் போன் செய்தார். ஆஸ்பத்திரி மாடியில் அக்காவையும் சின்னக்காவையும் அந்த மாணவி எடுத்த படத்தை அவருக்கு அனுப்பி, இதைத்தான் அட்டையில் போடப் போகிறேன் என்றேன்.

"நைட்டியும் துண்டுமாவா? தலைய மட்டும் எடுத்துப் பட்டுச்சீலை உடம்புல ஒட்டச் சொல்லு. பக்கத்துல நிக்கறவள அழிச்சுப்போடு. கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிசம்."

"இல்லீங்கண்ணா. அவங்க கை அக்கா தோள்ல இருக்குதுங்க."

"இருந்தா என்ன? அழிக்கலைன்னா உன்ற மக கல்யாணத்துக்குப் பங்காளி ஒருத்தரும் வாசல் மிதிக்கமாட்டோம். பாத்துக்க."

"சரீங்கண்ணா" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று அவர் கேட்கவில்லை. இப்போது தெரிந்திருக்கும். பங்காளிகள் கல்யாணத்துக்கு வரமாட்டார்களாம் என்று மகளிடம் சொன்னேன். "வர்றவிய வரட்டும்ப்பா, எலைய எண்ணிப் போட்டுக்கலாம்" என்றாள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய மாணவர்களுக்கும், ஒரு முகத்தையும் தொடாமல் அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

அட்டைப்படத்தில், இடமிருந்து வலமாக: சின்னக்கா, அக்கா. அக்காவின் தோளில் இருப்பது சின்னக்காவின் கை.