கிழக்குப் பாத்தியில் கருகிய புல்

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. பால்காரர் ஊற்றிய பாலை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பேன். கடையில் தராசு முள் நிற்கும்வரை பையை நீட்டமாட்டேன். வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். நானோ ரொம்ப நாளாக இதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். பின்பக்கம் தோல் பதனிடும் பிரிவு. முன்வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் காரைவிட்டு இறங்கும் இடத்தில் ஒரு புல்தரை இருந்தது. போர்வெல் தண்ணீரைத் தாங்காமல் அது வருஷா வருஷம் செத்தது, நாங்களும் வருஷா வருஷம் புதிதாகப் பதித்தோம். நம்ம ஊரிலேயே தானாக முளைக்கிற புல்லை அழகாக வைத்தால் என்ன என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"புல்லா? மாடு கட்டப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, செய்து பாருங்கள் என்றார்.

பின்வரிசைக்குப் பாலாற்று நாணல், நடுவில் வெட்டிவேர், முன்னால் ஏலகிரி அடிவாரத்துக் கொழுக்கட்டைப் புல். அதன் கதிர் பூனை வால் மாதிரி மெத்தென்று இருக்கும். வாசலுக்குக் கிழக்கே ஒரு பாத்தி, மேற்கே ஒரு பாத்தி என்று காகிதத்தில் வரைந்துகொண்டேன்.

தோட்டக்காரர் ஐம்பது தாண்டியவர். இருபது வருஷத்துக்கு மேல் பச்சைத்தோல் குடோனில் வேலை செய்தவர். கெடாமல் இருக்க உப்புத் தடவி வரும் தோலை உதறிப் பிரிப்பதுதான் அங்கே வேலை. கை வெடித்துப் புண் ஆறாமல் போய், இனி உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் அவரைத் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார். மண்ணில் வேலை செய்யத் தொடங்கியபின் புண் ஆறிவிட்டது. அவர் ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸ் வரிசையைப் பிடுங்கச் சொன்னது நான்தான். ஒரு வார்த்தை பேசாமல் பிடுங்கிப் போட்டார். திட்டியிருந்தால்கூட நம்பியிருப்பேன். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

பாத்திக்குச் செம்மண் வேண்டியிருந்தது. வெளி ஆளிடம் விட்டால் இடித்த கட்டடத்து மண்ணைக் கலந்துவிடுவான் என்று, கம்பெனி டிராக்டரையே கேட்டு வாங்கினேன். அடிவாரம்வரை கூடவே போய், வெயிலில் குடை பிடித்து நின்று, ஒவ்வொரு மண்வெட்டியையும் பார்த்து ஏற்றவைத்தேன். முதல் நடை கிழக்குப் பாத்திக்கு, இரண்டாம் நடை மேற்குப் பாத்திக்கு.

மூன்று வாரத்தில் மேற்குப் பாத்தி பச்சை பிடித்து நின்றது. கிழக்கில் கொழுக்கட்டைப் புல்லின் நுனியெல்லாம் கருகத் தொடங்கியது. ஒரே புல், ஒரே வெயில். யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த யாரோ யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழைத்தண்ணீர்த் தொட்டியில் குழாயைப் போட்டு, கிழக்குப் பாத்தியில் தண்ணீரைக் குளம்போல நிற்கவிட்டிருந்தார். பாத்தியின் ஓரத்தை வெட்டி அந்தத் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பியும் இருந்தார். பிறகு குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை வாயில் வைத்துத் துப்பினார். நான் இறங்கி ஓடினேன்.

"இன்னாண்ணா பண்றீங்க? தண்ணி கம்மியா வுடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"மண்ணுல உப்பு இருக்குது மேடம். அலசி வெளிய வுட்டாதான் வேரு பொழைக்கும்."

"உப்பு எப்டி வரும்? நான் கூடவே நின்னு ஏத்தின மண்ணு."

"நாக்குல வெச்சிப் பாருங்க" என்று உள்ளங்கையை நீட்டினார்.

குரோட்டன்ஸைப் பிடுங்கச் சொன்ன பொம்பளையை மண் தின்ன வைத்துப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே மேனேஜருக்கு எழுதினேன். சொன்னதைக் கேட்பதில்லை, செடிகளை வேண்டுமென்றே அழிக்கிறார் என்று எழுதினேன். 'வேண்டுமென்றே' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். திங்கட்கிழமை காண்ட்ராக்டர் அவரைப் பழையபடி குடோனுக்கு அனுப்பிவிட்டார்.

புதிதாக வந்தவர் நான் சொன்னபடி அளந்து ஊற்றினார். பத்தே நாளில் வெட்டிவேரும் வெளுத்தது. கொஞ்ச நாள் அவரையும் சந்தேகப்பட்டேன்.

அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அதே டிராக்டர் கேட்டைத் தாண்டி வெளியே போனது. டிரைலரில் அழுக்கு வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது. நிறுத்தி, டிரைவரிடம் என்ன என்று கேட்டேன்.

"குடோன்ல ஒதறின உப்பு மேடம். வாரத்துக்கு ரெண்டு நட போவுது."

"அன்னிக்கி மண்ணு ஏத்தறப்ப டிரைலரைக் கழுவினியா?"

"இல்லியே. அடியில ரெண்டு வெரலு உப்பு கெடந்துது, அது மேலயே ஏத்திட்டோம். மொத நட எறக்கறப்ப எல்லாத்தையும் வழிச்சிக் கொட்டிட்டேன். நீங்க மண்ணைத்தான பாத்துக்கினு இருந்தீங்க."

கிழக்குப் பாத்திக்குப் போனேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

குடோனுக்கு நான் அதுவரை போனதே இல்லை. பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றி, மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு அவர் தோல் உதறிக்கொண்டிருந்தார். கவரை அவிழ்த்தபோது விரல் இடுக்கெல்லாம் மறுபடி வெடித்திருந்தது. தப்பு என் பேரில் என்றேன்.

"வேரு இன்னும் உசுரோட இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குக் காட்டிய அவசரத்தை இதற்கு யாரும் காட்டவில்லை. நடையாய் நடந்து, மூன்று வாரம் கழித்துத்தான் அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அவர் பாத்தியை நான்கு தடவை அலசி வடித்தார். பிழைத்த வேர்களைப் பிரித்து நட்டார். ஐப்பசி மழைக்குப் பிறகு கிழக்குப் பக்கமும் தூர் கட்டிக்கொண்டது. வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கியதும் போட்டோ எடுக்கிறார்கள்.

இப்போது தினமும் காலையில், வேலையைத் தொடங்கும் முன் அவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறார்.

"மேடம், கெழக்குப் பாத்திக்குத் தண்ணி வுடப் போறேன். வந்து பாத்துக்கோங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இனிமேல் சொல்ல வேண்டாம், உங்களை நம்புகிறேன் என்று பல தடவை சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும் மேடம். நாளைக்கி ஏதாச்சும் காஞ்சி போச்சின்னா, நீங்க பாத்ததா இருக்கட்டும்."

நான் இறங்கிப் போய் நிற்கிறேன். அதன் பிறகுதான் அவர் குழாயைத் திறக்கிறார்.