கேட்டையில் பிறந்தவள்

என் நட்சத்திரம் கேட்டை. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாதாம். அவள் வீட்டுக்குள் கால் வைத்தால் அவன் உயிருக்கு ஆபத்தாம். இதை யார் கண்டுபிடித்தார்கள், எத்தனை அண்ணன்மாரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. நான் வளர்ந்த நாளில் மயிலாப்பூரில் யாரும் கேட்கவும் இல்லை.

முப்பதுகளின் நடுவில் நான் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். பெண் படிப்பதில் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை, வரன் அமைகிற வரைக்கும். வரன் அமையவில்லை. ஜாதகம் போகும், அனுப்பிய வேகத்தில் திரும்பி வரும். அண்ணன் இருக்கிற இடமே வேண்டாம் என்று அப்பா தலைச்சன் பிள்ளைகளாகப் பார்த்துத் தேடினார். தலைச்சன்கள் வீட்டில் வேறு காரணம் சொன்னார்கள். மூதேவியின் நட்சத்திரம் அல்லவா, எதற்கு வம்பு?

அப்போதுதான் தியாகராய நகரிலிருந்து ஒரு இடம் வந்தது. ஏரியைத் தூர்த்துத் தெரு போட்டு, எல்லாரும் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பையனுக்குக் கல்கத்தாவில் உத்தியோகம். அவனுடைய அண்ணன்தான் புது வீடு கட்டித் தாயாரை வைத்துக் காப்பாற்றி வந்தார். அண்ணன்! ஆனாலும் அப்பா இந்த முறை விடுவதாக இல்லை. அவர் வக்கீல், சாட்சியை எப்படிக் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் வரும் என்று தெரிந்தவர்.

"பொய் சொல்லப்போறதில்லை," என்றார் அம்மாவிடம். "இவ பொறந்தப்போ கடியாரத்தை யார் பார்த்தா? பொழுதைக் கொஞ்சம் முன்னால தள்ளினா அனுஷம். இனிமே இவ அனுஷம்."

"பகவானே, நன்னா முடியட்டும்," என்றாள் அம்மா. எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே இருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை. ஆயில்யத்தில் பிறந்தவள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. என் தாத்தா அதைப் பூசமாக மாற்றிச் சொல்லிக் கல்யாணம் செய்துகொடுத்தார். அத்தை அங்கே கால் வைத்த வருஷமே அந்த வீட்டு மாமியார் விஷ ஜுரத்தில் இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஆயில்யம் என்று உளறிவிட்டார். பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தையைப் பெட்டியும் படுக்கையுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கணவன் இருக்கிறார், நெற்றியில் குங்குமம் இருக்கிறது, வாழ்வு மட்டும் இல்லை. அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. தாத்தா பொய் சொன்னார் என்று எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர்கள் அபாண்டமாகப் பழி போட்டார்கள், பெண் பூசம்தான் என்றே சாதித்தார்கள். தாத்தா போன பிறகும் சாதித்தார்கள். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குக்கூட அத்தையின் பெயரோடு பூசம் என்றுதான் சொல்ல வேண்டும். செத்துப்போன மனிதரின் கௌரவத்துக்காக உயிரோடு இருக்கிறவள் அம்மன் முன்னால் வாராவாரம் பொய்ச்சாட்சி சொன்னாள்.

இப்போது அதே வேலையை எனக்கும் செய்யப் பார்த்தார்கள். தியாகராய நகர்க்காரருக்கு ஒரு இருமல் வந்தால் நான் நடுங்க வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தால் பெட்டியைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒரு உறவுக்காரரின் நாக்கு சறுக்கினால் பின்கட்டில் அத்தைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய். மாட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் கல்லூரி வாசகசாலையில் நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. பரீட்சைக்கு அதில் ஒரு வரிகூடப் பிரயோஜனம் கிடையாது. விருச்சிகத்தின் நெஞ்சில் செக்கச்செவேலென்று இருக்கும் பெரிய நட்சத்திரம் என்று ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார்கள். பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். என் கேட்டைதான்! வருகிறவன் போகிறவனெல்லாம் வாயில் போட்டு மென்ற நட்சத்திரத்தை நான் அதுவரை வானத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஜோசியர் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

ஆனி மாதம். விளக்கேற்றின கையோடு அத்தை மொட்டைமாடியில் காய்ந்த வடாத்தை எடுக்கப் போனாள். நானும் கூடப் போனேன். தெற்கே, அடையாறு பக்கம், தென்னை மரங்களுக்கு மேலே அது நின்றது. கண்ணைக் கசக்கத் தேவையில்லை. மற்றதெல்லாம் வெள்ளையாக மினுக்க, அது மட்டும் அடுப்புத் தணல் போல இருந்தது.

"இதுவா?" என்றாள் அத்தை. "பார்த்தா அழகாத்தானேடி இருக்கு!"

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். ஆகாயத்தில் பரந்து கிடக்கும் வாயு தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல ஒன்றுகூடுகிறது. நெருங்க நெருங்கச் சூடேறுகிறது. அப்படிப் பிறக்கிற நட்சத்திரம் முதலில் பெருத்து, சிவந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் பஞ்சாக இருக்கும். சுருங்கச் சுருங்க மஞ்சளாகி வெள்ளையாகும். பிறகு சூடு தணிந்து, மறுபடி சிவந்து, சிறுத்து அணைந்துவிடும். கேட்டை பூதாகாரமாக இருக்கிறது, சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் நம் பூமியே அதன் வயிற்றுக்குள் போய்விடும். அப்படியானால் அது இப்போதுதான் பிறந்த பச்சைக் குழந்தை.

"குழந்தை யாரைக் கொல்லும், அத்தை?"

அத்தை வடாத்தைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டாள். "உள்ள எது எரியறதாம்?"

"சரியாத் தெரியலையாம்."

"தெரியாதுன்னா போட்டிருக்கான்? புஸ்தகத்துல?"

"ஆமாம். அச்சுல போட்டிருக்கு."

அத்தை சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது. நியாயம்தான். எங்கள் ஜோசியர் எதையாவது தெரியாது என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. வாழ்நாளெல்லாம் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவன் தெரியாது என்கிறான். பஞ்சாங்கத்தை விட்டுத் தலையைத் தூக்காதவர், யார் எப்போது சாவார் என்று சொல்லித் தட்சிணை வாங்கிக்கொண்டு போகிறார். எவனை நம்புவது என்று எனக்கு அந்த மாடியிலேயே தெளிவாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆயில்யம் எப்படியாம்?" என்றாள்.

மேற்கே இறங்கிக்கொண்டிருந்த மங்கலான கூட்டத்தைக் காட்டினேன். அதைப் பற்றிப் புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, பெருமையும் இல்லை, பழியும் இல்லை என்றேன். அத்தை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து அம்மா கூப்பிட்ட பிறகுதான் கூடையைத் தூக்கினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தகம் சொன்னது தப்பு. நானே கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. நட்சத்திரத்தின் நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, வெளிச்சம் அதில்தான் பிறக்கிறது. நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்தால் உள்ளே நசுங்கி, மேலே ஊதிப் பெருத்துச் சிவக்கிறது. ஆக என் கேட்டை குழந்தை இல்லை, சாகக் கிடக்கிற நட்சத்திரம். ஒரு நாள் உள்ளே சரிந்து வெடித்துச் சிதறும்.

தெரிந்தவர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தாயா, அன்னிக்குச் சொன்னது சரிதான்" என்றார்கள். என்ன சரி? அது சாகிறது, யாரையும் சாகடிக்கவில்லை. அது வெடித்தாலும் இங்கே மாட வீதியில் ஒரு அகல்விளக்குகூட அணையாது. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவே பல நூறு வருஷம் ஆகிறது. தியாகராய நகருக்காகத் தூர்த்த அந்த ஏரியை வெட்டுவதற்கும் முன்னால் புறப்பட்ட வெளிச்சம், ஒருவருடைய புது வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டா வரும்? சொல்லப்போனால், நம் ரத்தத்தில் ஓடுகிற இரும்பே எப்போதோ செத்துச் சிதறிய நட்சத்திரங்களில் வெந்து வந்ததுதான். மாப்பிள்ளையின் அண்ணன் ரத்தத்திலும்தான். புத்தகம் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. எங்கள் ஜோசியர் எதையும் திருத்திக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இனி கோயில் விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணை வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வது எங்களுக்குள் வழக்கம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம் என்று இருந்துவிடலாம். அப்பா இதிலும் தன் சாமர்த்தியத்தைக் காட்டினார். அர்ச்சனை என்றால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார், அம்மா அனுஷம் என்பாள், பிள்ளை வீட்டார் காதால் கேட்பார்கள். அம்மன் சன்னிதியில் சொன்னதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"நீ வாயைத் திறக்கப்படாது," என்றார் என்னிடம். "அம்மா சொல்லுவா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் இறங்கினாள். பின்னாலேயே அண்ணன் அசைந்தார். நல்ல ஆகிருதி. வண்டி பின்பக்கம் சாய்ந்து குதிரை தரையைவிட்டு எழும்பப் பார்த்தது.

"சாமி, சாமி, மெதுவா எறங்கு! வண்டி குடை சாஞ்சிக்கினு பூடும்!" என்று வண்டிக்காரன் அலறினான்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இந்த மலையையா நான் சாய்க்கப் போகிறேன்! அவர் என் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், என்னைப் பார்த்து நல்ல விதமாகப் புன்னகை செய்தார். பாவம், நல்ல மனுஷர்தான். அந்தப் புன்னகைதான் என்னை உறுத்தியது. இவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், நானும் என்னையே பார்த்துக்கொள்வேன் என்று அப்போது தோன்றியது.

சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் எதிர்ப்பக்கம். அத்தை எங்களுக்குப் பின்னால் தூணோரமாக நின்றாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

அம்மா என் பெயரைச் சொன்னாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அனுஷம்."

"கேட்டை," என்றேன் நான்.

குருக்கள் நிமிர்ந்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைக் கிள்ளினாள், நன்றாகவே கிள்ளினாள்.

"குழந்தைக்கு நினைவில்லை," என்று அம்மா தடுமாறினாள். "அனுஷம்தான்."

"எனக்கு நன்னா நினைவிருக்கு. கேட்டை. கல்யாணம் ஆனாலும் கேட்டை, ஆகாட்டாலும் கேட்டை. மாத்திச் சொல்லி அர்ச்சனை பண்ணினா அது வேற யாருக்கோ போகும், எனக்கு வேண்டாம்."

பயமாக இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை, அதற்காக இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். மாப்பிள்ளையின் தாயார் மூத்த மகனின் முழங்கையைப் பற்றினாள், கற்பூரம் காட்டுவதற்குக்கூட நிற்காமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது.

"சந்தோஷமா?" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. "இனிமே ஒருத்தன் வரமாட்டான். தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

குருக்கள் சங்கடத்தோடு என் பெயருக்கு, என் நட்சத்திரத்துக்கு, அர்ச்சனையை முடித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகலாம் என்று திரும்பினாள். அப்போது தூணோரத்திலிருந்து அத்தை முன்னால் வந்து தன் தட்டை நீட்டினாள். வழக்கமான வெள்ளிக்கிழமைத் தட்டு. குருக்களுக்கு மனப்பாடம். அவர் கேட்கக்கூட இல்லை.

"பூசம்," என்று அவரே சொல்லிக்கொண்டு பூவை எடுத்தார்.

"இல்லை," என்றாள் அத்தை. "ஆயில்யம்."

பூவை எடுத்த கை அப்படியே நின்றது. குருக்கள் அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாவைப் பார்க்காதேங்கோ," என்றாள் அத்தை. "பொறந்தது நான்."

குருக்கள் ஒருவழியாகத் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்காதபடி முணுமுணுப்பாக அத்தையின் நட்சத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"உரக்கச் சொல்லுங்கோ," என்றாள் அத்தை.